மீக்கடத்தி: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

உலோகத்தைக் குளிரவைத்தால் மின்தடை குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். அதையே நீட்டிக்கொண்டு போய், ரொம்பக் குளிரவைத்தால் தடை பூஜ்ஜியமாகிவிடும், அதுதான் மீக்கடத்தி என்று முடித்துவிடுவோம். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. மீக்கடத்தி என்பது ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே தடை முற்றிலும் மறைந்துவிடும் பொருள்; எல்லா உலோகமும் அப்படி ஆவதில்லை. தாமிரத்தையும் வெள்ளியையும் வெறுமனே குளிரவைத்து இதுவரை யாரும் மீக்கடத்தியாக்கியதில்லை. தடை குறைந்துகொண்டே வந்து, உள்ளே இருக்கும் மாசும் படிகக் குறைகளும் விடுகிற அளவில் நின்றுவிடும்.

1911இல் நெதர்லாந்தின் லெய்டனில், இயற்பியலாளர் கமர்லிங் ஓன்ஸின் ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தின் தடை 4.2 கெல்வினில், அதாவது கிட்டத்தட்ட −269 டிகிரி செல்சியஸில், திடுமென்று காணாமல் போனது. வேடிக்கை என்னவென்றால், அறை வெப்பத்தில் பாதரசம் ஒரு மட்டமான கடத்தி. தாமிரத்தைவிட ஐம்பது மடங்குக்கு மேல் தடை கொண்டது. அணுக்களின் அதிர்வு எலெக்ட்ரான்களை அலைக்கழிப்பதால் வரும் தடை அது. கடுங்குளிரில் அணுக்களோடு உள்ள அந்த உறவேதான் எலெக்ட்ரான்களை ஜோடி சேர்த்துத் தடையின்றிப் பாயவைக்கிறது என்று 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். தாமிரத்தில் அந்த உறவு பலவீனம். அதனால்தான் அது நல்ல கடத்தி. அதனாலேயே ஜோடியும் சேர்வதில்லை.

சூட்டின் பக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் அறுபது எழுபது ஓம்தான் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் 800 வாட் என்று வரும்! இழை எரியும்போது தடை சுமார் 880 ஓம் என்பதை மறந்ததுதான் காரணம்.

அப்புறம், மிதந்தால் மீக்கடத்தி என்ற அவசரம். மீக்கடத்தி காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியே தள்ளும், அதனால் காந்தத்தின் மேல் மிதக்கும். புலத்தை இப்படித் தள்ளுவதை மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் 1933இல் கண்டார்கள். ஆனால் கிராஃபைட் துண்டுகூட வலுவான காந்தத்தின் மேல் மிதக்கும். 2023இல் கொரிய ஆய்வாளர்கள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தும் என்று அறிவித்த எல்கே-99 என்ற பொருள், ஓர் ஓரம் காந்தத்தில் படிந்தபடி பாதி தூக்கி நின்ற காணொளியால் உலகமே பரபரத்தது. 104 டிகிரி செல்சியஸ் அருகே தடை சரிந்தது அதில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடின் வேலை என்று தெரியவந்தது. சுத்தமான படிகமோ மின்காப்பானாக இருந்தது.

தடையே இல்லையென்றால் எவ்வளவு மின்னோட்டமும் பாய்ச்சலாமா? கூடாது. மின்னோட்டமோ காந்தப்புலமோ எல்லை தாண்டினால், வெப்பநிலை ஏறாவிட்டாலும் மீக்கடத்தல் போய்விடும். ஈயக் கம்பியில் பெரிய காந்தம் செய்ய நினைத்த ஓன்ஸ் இதில்தான் தடுக்கி விழுந்தார். 2008 செப்டம்பரில் ஐரோப்பிய ஆய்வு மையமான செர்னின் துகள் மோதுவியில் இரு மீக்கடத்திக் காந்தங்களுக்கு நடுவே ஒரே ஓர் இணைப்பு சரியாக அமையவில்லை. 8,700 ஆம்பியர் அளவில் அது சூடாகிக் கருகி, குளிரவைக்கும் ஹீலியம் டன் கணக்கில் கசிந்தது. எந்திரம் மறுபடி ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது.

கடைசியாக, ‘உயர்வெப்ப மீக்கடத்தி’ என்ற பெயர். 1987இல் வந்த இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு வேலை செய்வது −180 டிகிரிக்குக் கீழேதான். விலை குறைந்த திரவ நைட்ரஜனே போதும் என்பதால்தான் அத்தனை கொண்டாட்டம். லாந்தனம் ஹைட்ரைடு −23 டிகிரியிலேயே மீக்கடத்துகிறது. ஆனால் அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 17 லட்சம் மடங்கு அழுத்தம் வேண்டும், இரண்டு வைர முனைகளுக்கு நடுவே. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், வெப்பநிலையைப் படித்த கையோடு அழுத்தத்தையும் தேடிப் பாருங்கள்.