சொந்த வளவில் முதல் வெள்ளிக் காசைக் கண்டெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்பு உள்ள எந்த வளவிலும் மண்ணுக்குள் சில்லறைக் காசு கிடப்பதற்கு வாய்ப்புண்டு. கிணற்றடியில் மடியிலிருந்து நழுவியவை, படலையடியில் மீன் வாங்கும்போது விழுந்தவை, பிள்ளைகள் விளையாட்டில் தொலைத்தவை என்று அவை பல வழிகளில் மண்ணைச் சேர்ந்திருக்கும். அவற்றுள் வெள்ளியால் ஆன ஒன்றை உலோகங்காண் கருவியைக் கொண்டு, சட்டத்துக்கும் மண்ணுக்கும் ஊறு நேராமல் எடுப்பதற்கான வழிமுறையே இங்கு விளக்கப்படுகிறது. இது தொலைந்த பொருளைத் தேடும் பொழுதுபோக்கு. புதையல் தேடுவதோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

முதற்படி: அனுமதி

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எவருக்கும் உரிமையில்லை. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தொல்பொருளைத் தேடி அனுமதிப்பத்திரமின்றி நிலத்தை அகழ்வது அதன்படி குற்றமாகும். மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. ஸ்கேனர் கருவிகளுடன் புதையல் தோண்டச் சென்று கைதானவர்களைப் பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஆகவே கருவியை வாங்குவதற்கு முன்பே, அதை வரவழைப்பதற்கும் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் என்ன அனுமதி தேவை என்பதைப் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் தொல்பொருளியல் திணைக்களத்திலும் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பதில் ‘இல்லை’ என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்படியானாலும் காசை இனங்காணும் பகுதியும் பேணும் பகுதியும் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய காசுகளுக்குப் பயன்படும்.

அனுமதி கிடைத்தாலும் சில இடங்களுக்குக் கருவியைக் கொண்டு செல்லவே கூடாது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டையின் சூழல், தீகவாபி, இராஜகல போன்ற தொல்லியல் இடங்கள், கோயில், பள்ளிவாசல், விகாரை நிலங்கள், மயானங்கள், காட்டுக்குள் இருக்கும் பழைய செங்கல் மேடுகள் ஆகியவை அத்தகையவை. இவற்றோடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன வீடுகளின் வெற்றுக் காணிகளையும் நான் சேர்த்துச் சொல்வேன். நாவலடியிலும் திருக்கோவிலிலும் அந்த மண்ணில் கிடக்கும் மோதிரமோ காசோ ஒரு குடும்பத்தின் இழப்பில் மிஞ்சியது. உரியவர்கள் தாமாக வந்து கேட்டாலன்றி அங்கே பொழுதுபோக்குக்காக எவரும் தேடக் கூடாது.

உறவினர் வளவில் தேடுவதானால் வீட்டுக்குரிய பெண்ணிடம் கேட்க வேண்டும். நம் பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்வழியே செல்வதால் மாமாவின் தலையசைப்பு போதாது. “மாமி, கிணத்தடிய ஒருக்காப் பாக்கட்டா? கிண்டின இடத்த அப்படியே மூடித் தாறன்” என்று கேட்டு, கிடைக்கும் பொருள் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

போர் நடந்த மண் இது என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்ட பிரதேசங்களிலும் வெடிக்காத பொருளொன்று தப்பியிருக்கக்கூடும். துருப்பிடித்த உருளை வடிவப் பொருளோ வயர் இணைந்த பெட்டியோ தென்பட்டால் அதைத் தொடாமல், தோண்டுவதை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் விலக்கிவிட்டு 119க்கு அழையுங்கள்.

இரண்டாம் படி: கருவியைப் புரிந்துகொள்ளுதல்

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டைக் கொயில் என்பார்கள். அதிலுள்ள ஒரு கம்பிச்சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை நிலத்துக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, இன்னொரு சுருள் அதைப் பற்றிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையிலான காலப் பின்னடைவைக் கொண்டே கருவி உலோகத்தின் தன்மையைக் கணித்து, திரையில் ஓர் எண்ணாகவும் காதில் ஒரு தொனியாகவும் தெரிவிக்கிறது. எல்லா உலோகங்களிலும் மின்னை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே என்பதால் அதன் எண் அளவுகோலின் மேற்பகுதியில் நிற்கும். இரும்பு அடியில் நிற்கும். அலுமினியத் துண்டுகளும் பித்தளையும் பெரும்பாலும் இடையில் வரும். செம்பும் வெள்ளியைப் போலவே உயர்ந்த எண்ணைத் தருவதால், உயர்ந்த எண் வெள்ளிக்கான வாய்ப்பை மட்டுமே காட்டுகிறது. காசு சிறிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அது வெள்ளியாயினும் எண் இறங்கிவிடும்.

புதியவருக்கு எண்ணைத் திரையில் காட்டும், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் ஆரம்பநிலைக் கருவி போதுமானது. காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன், ஒரு கைக்கரண்டி மண்வெட்டி, மண்ணைப் போட்டு வைக்க ஒரு சாக்குத் துண்டு, குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பயிற்சி

இரும்புக் குப்பை இல்லாத ஒரு சிறு மண்திட்டைத் தெரிந்து, அதில் ஓர் ஆணி, ஒரு சோடா மூடி, ஓர் அலுமினியத் துண்டு, ஒரு வெள்ளி மோதிரம் ஆகியவற்றை இடைவெளி விட்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து, ஒவ்வொன்றும் எழுப்பும் தொனியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். வெள்ளிக்குப் பதிலாகக் கொலுசையோ அரைஞாணையோ வைத்துப் பழகக் கூடாது. சங்கிலியாகக் கோத்த நகையைக் கருவி ஒரே பொருளாக உணராமல் தனித்தனிச் சிறு வளையங்களாகவே உணர்வதால் அதன் ஒலி மிக மெலிந்துவிடும். இன்று புழக்கத்திலிருக்கும் காசுகளும் இதற்கு உதவா. 2017இல் வெளியான 1, 2, 5, 10 ரூபாய்க் குற்றிகள் துருவேறா உருக்கால் ஆனவை. அவை வெள்ளியைப் போல் ஒலிப்பதில்லை.

நான்காம் படி: இடமும் காலமும்

வளவு முழுவதையும் அளக்க முற்படுவது வீண் உழைப்பு. பழைய வீடு எங்கே இருந்தது, பழைய படலை எந்தப் பக்கம் திறந்தது, எந்த மரத்தின் கீழ் வாங்கு போட்டு இருந்தார்கள், துவைக்கும் கல் எங்கே கிடந்தது என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். எண்பது வயதான ஒருவர் கைகாட்டும் மூலை எந்தக் கருவியின் திரையையும் விடப் பெறுமதியானது. கிணற்றடி, படலைக்கும் திண்ணைக்கும் இடைப்பட்ட நடைபாதை, மாமர நிழல் ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியில் கூரைகள் பறந்த ஊர்களில் வீட்டை ஒட்டிய மண்ணில் கூரை ஆணிகளும் தகரத் துண்டுகளும் நிறைந்திருக்கும்; அவற்றைப் பொறுமையாகப் பொறுக்கி அகற்றினால்தான் அடியில் உள்ள காசின் ஒலி கேட்கும்.

வாடைக்காலத்து மழை விட்ட பிறகு, மண் ஈரமாக இருக்கும்போதே தேடுவது நல்லது. ஈரமண்ணில் ஒலி தெளிவாக எழும், கிண்டுவதும் எளிது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இறுகிய மண்ணைக் கிண்டினால் புல்லின் வேரும் பட்டுவிடும். கடற்கரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உப்புநீர் ஊறிய மணலும் கருமணல் படிந்த மணலும் கருவியை ஓயாமல் பொய்யொலி எழுப்ப வைக்கும். அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும்.

ஐந்தாம் படி: ஒலியைக் கேட்டல்

கருவியை இயக்கியதும் உணர்திறனை நடுத்தர அளவில் வைத்து, நிலச் சமன், அதாவது மண்ணிலுள்ள கனிமங்கள் எழுப்பும் ஒலியைக் கருவி கழித்துவிடச் செய்யும் வசதி இருந்தால் உலோகமற்ற இடத்தில் கொயிலை மேலும் கீழும் அசைத்து அதைச் செய்துகொள்ளுங்கள். பிறகு கொயிலை நிலத்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே சமாந்தரமாகப் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக வீசி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியையாவது மூடும்படி முன்னேறுங்கள். வீச்சின் முடிவில் கையை உயர்த்துவது புதியவர்கள் எல்லோரிடமும் காணப்படும் பழக்கம். அந்த ஓரங்களில் கருவி எட்டும் ஆழம் குறைந்துவிடும்.

நல்ல ஒலி எழுந்தால் உடனே கிண்டாதீர்கள். அந்தப் புள்ளியைச் சுற்றித் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். காசு வட்டமானது, எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் ஒலி வட்டமாக, அதே எண்ணோடு, வெட்டுப்படாமல் வரும். வளைந்த ஆணியும் துருவேறிய தகரமும் ஒரு பக்கத்திலிருந்து வெள்ளியைப் போல் ஏமாற்றினாலும் மறுபக்கத்திலிருந்து உடைந்து கரகரக்கும், அல்லது எண் குதிக்கும். என் அனுபவத்தில், புதியவர் ஒருவர் முதலில் கற்க வேண்டிய ஒரேயொரு திறமையைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வேன். கருவியின் விலையைவிட இந்தத் திருப்பிக் கேட்கும் பழக்கமே காசைக் கொண்டுவருகிறது.

ஆறாம் படி: கிண்டுதல்

ஒலியின் நடுவைக் குறித்து, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் புல்லோடு கூடிய மண்கட்டியை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டு மடித்துத் திறவுங்கள். மண்ணைச் சாக்கின் மேல் போட்டு, குழியையும் மண்ணையும் மாறி மாறிக் கருவியால் பார்த்தால் காசு எங்கே இருக்கிறது என்பது தெரியும். வீட்டு வளவில் பெரும்பாலான காசுகள் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடக்கும். அதற்குக் கீழே ஒலி தொடர்ந்தாலோ, பானையோட்டுத் துண்டுகள், எலும்பு, செங்கல் வரிசை என ஏதேனும் தோன்றினாலோ அங்கேயே நிறுத்தி, குழியைப் படமெடுத்து, எதையும் அசைக்காமல் தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும். ஒரு பழம்பொருள் கிடந்த நிலை கலைந்துவிட்டால் அதை எவராலும் மீட்க முடியாது. அது எந்தக் காலத்தது, யார் வைத்தது என்று சொல்லும் சான்று அந்த மண் அடுக்கில்தான் இருக்கிறது.

காசு தெரிந்ததும் விரலால் தேய்க்காமல், ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். ஒட்டியிருக்கும் மணல் துணிக்கைகளே முகத்தைக் கீறிவிடும். குழியை மூடி, மண்கட்டியை மடித்துக் காலால் அழுத்தி, தண்ணீர் ஊற்றிவிட்டே அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும்.

ஏழாம் படி: வெள்ளிதானா என்று அறிதல்

இலங்கையில் 1872 முதல் ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. வெள்ளியில் 10, 25, 50 சதக் காசுகள் 1892இலிருந்து வெளிவந்தன. ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணி, ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் என ஆட்சியாளரின் தலையும் மறுபக்கத்தில் தாளிப்பனை மரமும் இருக்கும்; மரத்தின் இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி பொறிக்கப்பட்டிருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி தனியானது. 1917 வரையான காசுகளில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இல் அது 550 ஆகக் குறைந்தது. எஞ்சியது பெரும்பாலும் செம்பு என்பதால் பிந்திய காசுகள் மண்ணிலிருந்து பச்சைப் படிவுடன் வரலாம். கடைசியாக 1942ஆம் ஆண்டு 50 சதம் வெள்ளியில் வந்தது. 1943இல் 25, 50 சதங்கள் மஞ்சள் நிற நிக்கல் பித்தளைக்கு மாறிவிட்டன.

ரூபாய்க் காசாக இங்கு வழங்கியது இந்திய ரூபாயே. 1835 முதல் 1939 வரையான அந்த ரூபாய் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளியும் 11.66 கிராம் எடையும் கொண்டது. 50 சதம் அதன் பாதியான 5.83 கிராம், 25 சதம் 2.92 கிராம், 10 சதம் 1.17 கிராம் என்ற ஒழுங்கு இருப்பதால் நகைத் தராசு ஒன்றே பாதி விடையைத் தந்துவிடும். தேய்மானத்தால் சிறிது குறையலாம். காந்தம் ஒட்டினால் அது வெள்ளிக் காசு அல்ல. அதிகம் கிடைப்பவை 1963க்குப் பிந்திய அலுமினியச் சதங்களும் செம்பு நிக்கல் காசுகளும்தான்; பின்னவை வெள்ளியைப் போல் வெளுத்திருந்தாலும் வெள்ளி அல்ல. பௌத்த ஜயந்தியை ஒட்டி 1957இல் வெளியான ஐந்து ரூபாய் ஒரு விதிவிலக்கு. அது 925 பங்கு வெள்ளி.

தாளிப்பனையோ ஆட்சியாளர் தலையோ ஆண்டோ இல்லாத, சதுரமாக வெட்டப்பட்டுப் பல சிறு முத்திரைகள் குத்தப்பட்ட வெள்ளித் தகடு கிடைத்தால் அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட முத்திரை குத்திய நாணயமாக இருக்கக்கூடும். வளைத்த வெள்ளிக் கம்பியாக இருந்தால் அது லாரின் எனப்பட்ட பழைய காசாகலாம். இவற்றை வைத்துக்கொள்ளவோ விற்கவோ கூடாது. காலம் பற்றி ஐயம் எழுந்தாலே தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவிக்க வேண்டும்.

எட்டாம் படி: பேணுதல்

புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை ஆகிய எதையும் காசின் அருகில் கொண்டுவராதீர்கள். குத்துவிளக்கைத் துலக்கும் முறை காசுக்குக் கேடு. அமிலம் வெள்ளியில் கலந்துள்ள செம்பைக் கரைக்கும், சாம்பல் எழுத்துகளைத் தேய்க்கும். வாவிக்கரை மண்ணிலிருந்து வரும் காசு கந்தகத்தால் கறுத்தும், உப்பு மண்ணிலிருந்து வருவது சாம்பல் நிறமாகவும் இருப்பது இயல்பே. அந்தப் படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்கு ஓரளவு காப்பாகவும் அமைகிறது. வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, நீரை மாற்றி, தானாகக் கழன்ற மண்ணை மட்டும் போகவிட்டு, மென்துணியில் ஒற்றி நிழலில் உலர்த்தினால் போதும்.

உலர்ந்த காசைக் காகித உறைக்குள் இடுங்கள். மென்மையான பீவீசீ பிளாஸ்ரிக் பைகள் காலப்போக்கில் பசை கசிந்து காசை அரிக்கும். உறையின் மேல் திகதி, வளவின் பெயர், படலையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எத்தனை அடி, எவ்வளவு ஆழம், கருவி காட்டிய எண், காசின் எடை, ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். நம் கரையோரக் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதியாதலால், உறைகளை இறுக மூடும் தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியுடன் வைத்து, ஒவ்வொரு வாடைக்காலத்துக்கு முன்னும் அந்தப் பொதியை மாற்றிக்கொள்ளுங்கள்.