ஒரே சர்வரில் பல நிரல்கள்: எதற்கு எவ்வளவு உரிமை தருவது?

லினக்ஸில் ஒரு நிரல் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ, அந்தக் கணக்கால் தொட முடிந்த கோப்புகள் அனைத்தையும் அந்த நிரலாலும் தொட முடியும். இணையதளம், தரவுத்தளம், காப்புநகல் எடுக்கும் நிரல் ஆகிய மூன்றும் எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் கணக்கில் இயங்கினால், இணையதளத்தில் விழும் ஓட்டை ஒன்றே மற்ற இரண்டையும் திறந்துவிடும்.

முதலில், இப்போதைய நிலையைப் பாருங்கள். இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' (ps aux) கட்டளையை இயக்கினால், முதல் நெடுவரிசையில் கணக்கின் பெயர் வரும். சதுர அடைப்புக்குள் தெரிபவை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சொந்த வேலைகள், அவற்றை விட்டுவிடலாம். ரூட் என்று காட்டும் மற்ற ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் ஷெல்லாக (உள்நுழைந்ததும் கட்டளைகளை ஏற்கும் நிரலாக), உள்நுழைவை மறுக்கும் 'நோலாகின்' (nologin) என்பதை அமையுங்கள். எல்லாச் சேவைகளையும் உரிமை மிகக் குறைந்த பொதுக் கணக்கான 'நோபடி' (nobody) ஒன்றிலேயே போட்டுவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே கணக்கில் இருக்கும் நிரல்கள் ஒன்றையொன்று நிறுத்தவும், ஒன்றின் கோப்புகளை மற்றொன்று மாற்றவும் முடியும்.

மூன்றாவது, கோப்பு அனுமதிகள். கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பின் (config) உரிமையாளர் ரூட்டாகவும், குழு அந்தச் சேவையின் குழுவாகவும், அனுமதி 640 ஆகவும் (உரிமையாளர் படிக்கவும் எழுதவும், குழு படிக்க மட்டும்) இருக்கட்டும். அப்போது சேவை அதைப் படிக்கலாம், திருத்த முடியாது; பிறருக்கு அது திறக்கவே திறக்காது. பலரும் கவனிக்கத் தவறுவது கோப்புறையைத்தான். கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால், உள்ளே இருக்கும் கோப்பு எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம்.

வழக்கமாக ரூட்டுக்கு மட்டுமே கிடைக்கும் 1024க்குக் கீழான போர்ட் (பிணைய இணைப்புகளை ஏற்கும் வாயில் எண்) வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு நிரலை ரூட்டாக்காதீர்கள். 'கேப் நெட் பைண்ட் சர்வீஸ்' (CAP_NET_BIND_SERVICE) என்ற ஒற்றைச் சிறப்புரிமையைக் கொடுத்தாலே போதும்.

மிகவும் நுட்பமான சிக்கல், ஒரு நிரல் மற்றொன்றுக்காக வேலை செய்யும் இடத்தில்தான் எழுகிறது. நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்வதற்காக, நிரல்மொழியை இயந்திரமொழியாக மாற்றும் ஒரு கம்பைலருக்குக் குறிப்பிட்ட கோப்புறையில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது; கட்டண விவரக் கோப்பும் அதே கோப்புறையில் இருந்தது. பயனர் ஒருவர் தம் வெளியீட்டுக் கோப்பின் பெயராக அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலரும் தன் உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதிவிட்டது. செட்யுஐடி (setuid) நிரல்களுக்கும் இதே ஆபத்து உண்டு, ஏனெனில் அவை இயக்குபவரின் உரிமையில் அல்லாமல் கோப்பின் உரிமையாளரின் உரிமையில் இயங்குகின்றன. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையில் 'பெர்ம்' (-perm) விருப்பத்துக்கு '-4000' என்று கொடுத்துத் தேடினால் அவற்றின் பட்டியல் கிடைக்கும். கடவுச்சொல்லை மாற்றும் நிரல் அதில் இருப்பது இயல்பு. நீங்கள் அறியாத பெயர் இருந்தால், அது எந்தத் தொகுப்போடு வந்தது என்று பார்த்த பிறகே விட்டுவையுங்கள்.

கடைசியாகச் சோதித்துப் பாருங்கள். வேறொரு கணக்கின் பெயரில் கட்டளையை இயக்க உதவும் சூடோவின் (sudo) 'யு' (-u) விருப்பத்தில் சேவைக் கணக்கின் பெயரைக் கொடுத்து, வேறொரு சேவையின் அமைப்புக் கோப்பை 'கேட்' (cat) கட்டளையால் படிக்க முயலுங்கள். அனுமதி மறுக்கப்பட்டதாகச் செய்தி வர வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் திரையில் தெரிந்தால், மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.