ஐஸ் பெட்டியில் தொடங்கும் குட்டிக் குடல்

சுண்டெலியின் சிறுகுடலிலிருந்து ஆர்கனாய்டு, அதாவது உறுப்பைப் போலவே தட்டில் வளரும் குட்டித் திசு, வளர்க்கக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஐஸ் போதுமான அளவு இருக்கிறதா?" என்றுதான்.

எல்லாம் மேட்ரிஜெல் படுத்தும் பாடு. சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கும் இந்தப் புரதக் கூழில்தான் ஆர்கனாய்டைப் பதித்து வளர்க்கிறோம். அது 4 டிகிரியில் நீர்த்திருக்கும். 10 டிகிரியைத் தாண்டினால் கெட்டியாகத் தொடங்கிவிடும். தரமணியில் ஒரு மே மாதப் பிற்பகலில் மின்சாரம் போய் ஏ.சி. நின்றது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் என் பைப்பெட் முனைக்குள்ளேயே கூழ் கெட்டியாகிவிட்டது. அதன் விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே முதல் நாள் இரவே மேட்ரிஜெல் குப்பியை ஐஸில் புதைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பைப்பெட் முனைகள் உறைபெட்டிக்குப் போகட்டும். 24 குழித் தட்டு மட்டும் 37 டிகிரி இன்குபேட்டரில் இருக்க வேண்டும்.

குடலைக் கீறி, நீர் தெளியும்வரை குளிர்ந்த உப்புக் கரைசலில் அலசுங்கள். அணுக்களின் பிடிப்பைத் தளர்த்தும் 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலில் அரை மணி நேரம் ஐஸில் வைத்துக் குலுக்கி, 70 மைக்ரான் சல்லடையில் வடிகட்டினால் குடற்குழிகள், அதாவது குடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய பள்ளங்கள், தனியே வரும். மற்றக் குடல் உயிரணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருப்பது அவற்றின் அடியில்தான். அப்படிப்பட்ட ஒற்றை அணுவே குட்டிக் குடலாக வளரும் என்று நெதர்லாந்து உயிரியலாளர் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு 2009இல் காட்டியது.

குடற்குழிகளை மேட்ரிஜெல்லில் கலந்து, தட்டின் ஒவ்வொரு குழியின் நடுவிலும் 40 மைக்ரோலிட்டர் விடுங்கள். தோசைபோல் இழுக்கக் கூடாது. மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றுவதுபோல், விழுந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். பைப்பெட்டைக் கடைசிவரை அழுத்தாதீர்கள், குமிழி வரும். துளி சுவரைத் தொட்டால் பரந்து தட்டையாகிவிடும். உடனே தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து 15 நிமிடம் இன்குபேட்டரில் வையுங்கள். கவிழ்க்காவிட்டால் குடற்குழிகள் அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஈ.ஜி.எஃப்., நாகின், ஆர்-ஸ்பாண்டின் ஆகிய மூன்று வளர்ச்சிப் புரதங்களும் சேர்ந்த வளர்ப்பு ஊடகம், 500 மைக்ரோலிட்டர்.

மூன்றாம் நான்காம் நாளில் உருண்டைகள் மொட்டுவிடும். நடுவே கறுத்திருந்தால் பயப்படாதீர்கள். உதிர்ந்த அணுக்கள்தான் அவை. மொட்டுகளும் கறுத்துச் சுருங்கினால், உடைத்துப் புதிய துளிகளுக்குப் பிரிக்கத் தாமதித்துவிட்டீர்கள்.

நான் செவ்வாய்க்கிழமைதான் தொடங்குவேன். வெள்ளியன்று ஊடகம் மாற்றி, திங்களன்று உடைத்துப் பிரித்தால், ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம்.