31 பிள்ளைகள், ஒரு செல்போன்

எங்கள் பள்ளி திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்னிடம். மொத்தம் 31 பிள்ளைகள். இவர்களுக்கு நான் தினமும் பயன்படுத்தும் சாதனங்கள்: என் செல்போன், உள்ளங்கை அளவு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், காலண்டர் அட்டையில் ஒட்டிய சில தாள்கள். அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஒரு டேப் வரட்டும், நல்ல இணைய இணைப்பு வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேரைத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருப்பதை வைத்தே நிறையச் செய்யலாம்.

முதல் வருஷம் நான் வீடியோக்களாகப் போட்டுக் காட்டினேன். அறை அமைதியாக இருந்தது, பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள், பாடம் புரிந்துவிட்டது என்றே நம்பினேன். மறுநாள் கேட்டால் பின்னணியில் வந்த பாட்டை அப்படியே பாடினார்கள். நீர் எப்படி ஆவியாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிலிருந்து ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டேன். செல்போனைக் கையில் எடுக்கும் முன், ‘இதை வைத்துப் பிள்ளை என்ன செய்யப் போகிறது?’ என்று கேட்டுக்கொள்வேன். ‘பார்க்கும்’ என்பது மட்டும்தான் பதில் என்றால் எடுப்பதில்லை.

குரல் பதிவு: இங்கிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான போன்களில் குரல் பதிவுச் செயலி உண்டு. புதிதாக எதையும் இறக்க வேண்டாம், நெட்டும் வேண்டாம். வாசிப்புக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிஷம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக வராண்டாவின் கோடிக்குக் கூப்பிட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வேன். போனை வாய்க்கு நேராக நீட்டாதீர்கள், பிள்ளை பயந்துவிடும். பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நீங்களும் புத்தகத்தைப் பாருங்கள். பதிந்ததும் வகுப்பு, வரிசை எண், மாதம் மூன்றையும் கோப்பின் பெயராக வைத்துவிடுங்கள். பெயர் வைக்காமல் விட்டால் இரண்டு வாரத்தில் எது யாருடையது என்று தேட வேண்டியிருக்கும்.

பதிந்த உடனே அந்தப் பிள்ளைக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். திருத்தாதீர்கள், ஒன்றும் சொல்லாதீர்கள், கேட்க விடுங்கள். எங்கள் பக்கம் ‘வாழைப்பழம்’ என்பது பேச்சில் ‘வாயப்பயம்’ ஆகிவிடும். நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அதை எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வாயைப் பார்த்துச் சொல்லும், அடுத்த வரியிலேயே பழையபடி ஆகிவிடும். பதிவில் தன் குரலைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கியது. “டீச்சர், நான் ‘பயம்’னு சொல்றேன். இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?” என்று தானே கேட்டது. நாக்கை மடித்து, நிறுத்தி, ‘ழ’வைத் தேடிப் பிடித்தது. மூன்றாவது பதிவில் வந்துவிட்டது. வீட்டில் பேசுவதைத் தப்பு என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அது வீட்டுப் பேச்சு, இது படிக்கும்போது வரவேண்டிய ஒலி. இரண்டும் இருக்கட்டும்.

ஜூன் மாதப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். நவம்பரில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோருக்கும் இதைத் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன். மதிப்பெண்ணைவிட இது அவர்களுக்கு உடனே புரிகிறது. ஒரு பிள்ளையின் பதிவை அதன் பெற்றோர் மட்டுமே கேட்க வேண்டும். இதில் நான் கண்டிப்பு.

வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு கூகுளின் ரீட் அலாங் உதவும். பிள்ளை சத்தமாகப் படிக்க, செயலி கேட்டுக்கொண்டே சொற்களைக் குறிக்கும். தமிழ்க் கதைகளும் உண்டு. ஆனால் உச்சரிப்பில் அது விட்டுவிடும் இடங்கள் இருக்கின்றன, உங்கள் காதுக்கு அது ஈடாகாது.

52-இல் 27 போனால்

அடுத்தது அட்டைகள். ப்ளிக்கர்ஸ் என்ற இணையதளத்தில் இவற்றை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஓர் அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை எதுவோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் முன்னால் நின்று, போனில் ப்ளிக்கர்ஸ் செயலியைத் திறந்து கேமராவை அறை முழுக்க மெல்ல ஓட்டினால் போதும், யார் எந்த விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் முடியாது. நெட் தேவைப்படுவது உங்கள் போன் ஒன்றுக்குத்தான்.

அட்டை செய்யும்போது சில விஷயங்கள். பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்கு உருவம் தெரியாது. பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டிப் பின்னால் ஒட்டினால் வருஷம் முழுக்கத் தாங்கும். விரல் உருவத்தை மறைத்துவிடாமல் இருக்க, எங்கே பிடிக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைகள் என்றால் நான்கு பக்கமும் நான்கு நிறத்தில் கோடு போட்டு, கரும்பலகையிலும் அதே நிறச் சாக்பீஸால் விடைகளை எழுதுங்கள். செயலியின் வகுப்புப் பட்டியலில் பிள்ளைகளின் பெயரைப் போட வேண்டாம், வரிசை எண் போதும்.

கேள்வியை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. சும்மா நான்கு எண்களைப் போட்டால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு தவறான வழியைக் காட்ட வேண்டும். நான் மூன்றாம் வகுப்புக்குப் போட்ட கேள்வி: 52-இல் 27 போனால் எவ்வளவு? விடைகள் 25, 35, 24, 79. கழிப்பதற்குப் பதில் கூட்டியவர்களுக்கு 79 வரும். விரல் விட்டு எண்ணி ஒன்று தவறியவர்களுக்கு 24. கடன் வாங்குவதில் குழம்பியவர்களுக்கு 35.

அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் இருந்த 11 பேரில் ஆறு பேர் 35-ஐக் காட்டினார்கள். சரி, கடன் வாங்கும் கணக்கை மறுபடி நடத்தினால் போதும் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஆறு பேரையும் வட்டமாக உட்கார வைத்து, எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். நான்கு பேர், “இரண்டிலிருந்து ஏழு போகாது டீச்சர், அதனால ஏழிலிருந்து ரெண்டை எடுத்துட்டேன்” என்றார்கள். மற்ற இருவர் ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இல் ஏழைக் கழித்திருந்தார்கள். ஆனால் ஐந்தை நான்காகக் குறைக்க மறந்துவிட்டார்கள். இரண்டு வழியிலும் விடை 35-தான்.

கருவி எனக்கு ஆறு பேரைக் காட்டியது. ஏன் அப்படி என்பதைப் பிள்ளையின் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த நான்கு பேருக்குத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதிலிருந்து ஏழு உதிரிக் குச்சி கேட்டால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த பிறகு மீதி நான்கு கட்டு என்பது கண்ணெதிரே கிடக்கும். மற்ற இருவருக்குக் குச்சி தேவைப்படவில்லை. ஐந்தை அடித்து மேலே நான்கு எழுதும் பழக்கம் மட்டும் போதுமாக இருந்தது.

ஆகவே அட்டையை எடுக்கும் நாளில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். கேள்விகளுக்கு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம், அப்புறம் உட்கார்ந்து பேசுவதற்கு இருபது நிமிஷம். இந்தக் கணக்கு தலைகீழானால் அது வெறும் தேர்வு.

கண்ணாடி டம்ளரும் கேமராவும்

அறிவியலுக்குக் கேமராதான் எனக்குப் பிடித்தது. ஞாயிறு ராத்திரி பச்சைப்பயறை ஊறப்போடுங்கள். திங்கட்கிழமை ஒரு கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கைந்து பயறைச் செருகுங்கள். பின்னால் ஓர் அடிஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். போன் நிற்கும் இடத்தையும் டம்ளர் நிற்கும் இடத்தையும் சாக்பீஸால் வட்டமிட்டுவிடுங்கள், இடம் மாறினால் படங்களை ஒப்பிட முடியாது. காலை வந்ததும் ஒரு படம், சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் ஒரு படம். எடுப்பது பிள்ளைகள், இன்று யார் முறை என்று பலகையில் எழுதிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களையும் விரலால் வரிசையாகத் தள்ளிக் காட்டினால் பயறு கண்முன் வளரும். வேர் முதலில் கீழே இறங்குகிறது, இலை பிறகுதான் வருகிறது என்பதை நான் சொல்லவே தேவையில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் படங்களை முன்னும் பின்னும் நாலைந்து தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, “டீச்சர், சாயங்காலம் எடுத்ததை விடக் காலையில் நீளமா இருக்கு. ராத்திரியும் வளருது” என்றான். அன்று முழுக்க அறையில் அதே பேச்சு. படத்தைப் பெரிதாக்கி அடிஸ்கேலில் மில்லிமீட்டரை எண்ணி நோட்டில் எழுதினார்கள். கணக்கும் அதிலேயே வந்துவிட்டது.

கதைகள்

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு படிநிலைகளில். இலவசமாக இறக்கலாம், அச்சிடலாம். உங்கள் பள்ளியில் டிவியோ ப்ரொஜெக்டரோ இருந்தால், அதில் காட்டும்போது எழுத்து இருக்கும் இடத்தை ஒரு துணியால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். கதையைப் பிள்ளைகள் சொல்லட்டும். முழுக்கச் சொல்லி முடித்த பிறகு துணியை எடுத்தால், தாங்கள் சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்க்க அவசர அவசரமாகப் படிப்பார்கள்.

பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடு, பிற ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு உண்டு. பாடங்களுக்கான அரசுச் செயலியான தீக்ஷாவில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ வரும். வகுப்பில் முதன்முறையாகத் திறக்காதீர்கள். முந்தின நாளே வீட்டில் முழுக்கப் பார்த்து, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வீடியோவில் உங்களுக்குத் தேவை பெரும்பாலும் 40 வினாடிதான் இருக்கும். அதை மட்டும் போட்டு, பாதியில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள்.

நெட் தேவைப்படும் அட்டை வேலை தவிர மற்ற நேரங்களில், போனை வகுப்பில் எடுக்கும் முன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். ஸ்பீக்கருக்காக ப்ளூடூத்தை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பிள்ளை கையில் கொடுப்பதாக இருந்தால், ஆண்ட்ராய்டு போனின் பாதுகாப்பு அமைப்பில் ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். யூட்யூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை முன்னால் வைக்காமல் அறையின் நடுவில் வையுங்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்.

இன்னொன்று, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பற்றி. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது எங்கெங்கோ போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. 2023-இல் வந்த மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான். வேலையைக் காட்ட வேண்டுமென்றால் நோட்டைப் படமெடுங்கள், கைகளைப் படமெடுங்கள், டம்ளரைப் படமெடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் குரல் பதிவு மட்டும். அது கைக்குப் பழகியதும் அட்டை. பயறை எந்த வாரத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், ஒரு கைப்பிடி பயறை ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள்.