வீட்டு ரோபோவைப் பாட்டிக்குப் பழக்குவது எப்படி?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தரை துடைக்கும் ரோபோ வந்த மூன்றாம் நாளே பாட்டி அதற்குக் குட்டி என்று பேர் வைத்துவிட்டார்; கட்டிலடியில் சிக்கிக்கொண்டால் "ஏண்டா கண்ணு, வழி தெரியலையா?" என்று கைத்தடியால் மெல்லத் தள்ளிவிடுவார்.

சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். தானாக நகர்கிற எதையும் உயிராகப் பார்ப்பது மனித இயல்பு, ஜப்பானில் 2015-இல் பழைய ஐபோ நாய் ரோபோக்களுக்குக் கோயிலில் இறுதிச் சடங்கே செய்தார்கள்.

ஆனால் பேசுகிற ரோபோ என்றால் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பேசுவது பதிவாகலாம், அதற்கு வலியோ கோபமோ கிடையாது, மாத்திரை விஷயத்தில் அது சொல்வதை நம்பக் கூடாது.

அப்புறம், பழுதுபார்க்க எடுத்துப் போகும்போது சொல்லாமல் தூக்காதீர்கள். நான் அப்படிச் செய்த அன்று, பாட்டி சாயங்காலம் முழுக்கக் கட்டிலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.