வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று: கிழித்து ஒட்டும் பரிசு டேக்

பரிசுப் பொதியில் நூலால் கட்டித் தொங்கவிடும் சின்ன அட்டைதான் டேக். கடையில் வாங்கினால் பனிமனிதனும் சிவந்த இலையும் இருக்கும். திருகோணமலையில் இருந்துகொண்டு அதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நமக்கு மார்கழியில் வாடைக்காற்று, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. ஆகவே மாரிக்கடல் ஒன்று, கோடைக்கடல் ஒன்று செய்வோம்.

பிஸ்கட் பெட்டி மட்டை, பழைய கலண்டர் தாள், பத்திரிகை, பைண்டர் கம், சணல் நூல். அப்புறம் கச்சான் சுற்றி வந்த கொப்பித்தாள் (இது காற்று அல்ல, கொறிக்கிற கச்சான், அதாவது நிலக்கடலை). குப்பையை ஒட்டுவதா என்று கூச வேண்டாம். 1912இல் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் பிராக், மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து தன் சித்திரத்தில் ஒட்டினார்.

மட்டை

5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் வெட்டி, மேல் மூலைகளைச் சாய்வாக நறுக்குங்கள். துளை கடைசியில்தான்.

கிழித்தல்

கத்தரிக்கோலை எட்ட வையுங்கள். பத்திரிகைத் தாளை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் கிட்டத்தட்ட நேராகப் போகும், மற்றதில் கண்டபடி வளையும். தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதுதான் காரணம். நேராகக் கிழிவது தொடுவானத்துக்கு, வளைந்து கிழிவது அலைக்கு.

கலண்டர் தாளில் இன்னொரு விசேஷம். கிழித்த இரண்டு துண்டில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், மற்றதில் ஒளிந்துகொள்ளும். அந்த வெள்ளைதான் நமக்கு நுரை. துண்டை உங்கள் பக்கம் இழுத்தும் எதிர்ப்பக்கம் தள்ளியும் கிழியுங்கள். எப்போது வெள்ளை வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

மாரி டேக்

பத்திரிகைத் தாள் வானம். சாம்பல், கரும்பச்சை, சேற்று நிறங்களில் நாலைந்து பட்டி கிழியுங்கள். தொலைவில் உள்ளதை முதலில் ஒட்டி, அதன் அடிப்பகுதி மறையும்படி அடுத்ததை வையுங்கள். வெள்ளை ஓரம் மேலே இருக்கட்டும். கரைக்கு வரவர பட்டியை அகலமாக்கினால் அலை எழும்பி வருவதுபோல இருக்கும்.

கோடை டேக்

கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடல் தட்டையாகக் கிடக்கும். நேராகக் கிழிந்த நீலப்பட்டி ஒன்று போதும். கீழே கொப்பித்தாள் மணல், நடுவில் நூலளவு நுரை, சரி. எண்ணெய் ஊறிய இடத்தில் கம் பிடிக்காது. என்னுடைய முதல் மணல் மறுநாளே உரிந்து வந்துவிட்டது!

காய வைத்தல்

கம்மை மெல்லியதாக, துண்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசுங்கள். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி மட்டையை வளைத்துவிடும். பின்பக்கமும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினால் இழுவை சமமாகும். பொலித்தீன் போட்டு, கனமான புத்தகத்தின் கீழ் ஒரு இரவு வையுங்கள். கோதுமைமாப் பசையும் ஒட்டும்தான், ஆனால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். போன கார்த்திகையில் பத்து டேக் அப்படிப் போயிற்று.

டவுனில் இருப்பவர்கள் வெளி விறாந்தையில் காய வைக்காதீர்கள். திருகோணமலை டவுனில் தெருவில் திரியும் மான் வந்து மென்றுவிடும்.

காய்ந்ததும் மேல் விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே துளையிட்டுச் சணல் கோருங்கள். பெயரைப் பின்பக்க வெள்ளைத்தாளில் எழுதுங்கள், முன்பக்கம் அலைக்கு மட்டும்.