இரண்டாவது வருவதற்குள் மூத்ததைத் தூளியிலிருந்து இறக்குங்கள்

ஒன்றரை, ரெண்டு வயதில் ஒன்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டாகிவிட்டால், நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது "ரெண்டும் சேர்ந்தே வளர்ந்துடும், விடு" என்பதுதான். வளர்ந்துவிடும், சரி. ஆனால் அதுவரைக்கும் மூத்ததை யார் தூங்க வைப்பது, யார் சோறு ஊட்டுவது, ராத்திரி "அம்மாதான் வேணும்" என்று கத்தினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணக்கு ரொம்ப எளிது. மூத்ததுக்கு எதையெல்லாம் மாற்ற வேண்டுமோ அதையெல்லாம் ஏழாவது மாதத்துக்குள் மாற்றி முடித்துவிடுங்கள். முடியாமல் போனதை, பாப்பா பிறந்து மூன்று நான்கு மாதம் ஆகிற வரைக்கும் தொடாதீர்கள். பிரசவத்தை ஒட்டி எதைப் பிடுங்கினாலும், பாப்பா வந்ததால்தான் தனக்கு அது போச்சு என்று குழந்தை முடிச்சுப் போட்டுவிடும்.

முதல் வேலை தூளி. பல வீடுகளில் ரெண்டு வயது தாண்டியும் தூளியில்தான் தூக்கம்; கொக்கியில் கயிறு, அதில் பழைய நூல் புடவை, நடுவில் விரித்துப் பிடிக்க ஒரு தொட்டில் கம்பு. அடுத்ததுக்கும் அதே கொக்கிதான் வேண்டும். ஐந்தாம் மாதத்திலேயே பகல் தூக்கத்தைப் பாய்க்கு மாற்ற ஆரம்பியுங்கள். தூளிப் புடவையை அவிழ்த்து, துவைக்காமல், அதையே பாய் மேல் விரித்துப் படுக்க வையுங்கள். பழகின வாசனையும் பழகின துணியும் இருந்தால் பாதி அழுகை குறையும். ஆட்டம் இல்லாமல் தூங்காது என்றால், பக்கத்தில் படுத்துக்கொண்டு முதுகில் ஒரே சீராகத் தட்டுங்கள், கை வலிக்கும், வேறு வழியில்லை. பகல் தூக்கம் பழகின பிறகு ராத்திரியையும் மாற்றுங்கள். அப்புறம் தூளியைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் அந்தக் கொக்கி வெறுமையாக இருக்கட்டும். மறுபடி கட்டும்போது வேறு புடவையில் கட்டுங்கள், மூத்ததன் புடவை மூத்ததிடமே இருக்கட்டும்.

எப்படியும் ஒருநாள் அது "நானும் ஏறுவேன்" என்று நிற்கும். பாப்பா உள்ளே இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றி நாலு ஆட்டு ஆட்டி இறக்கிவிடுங்கள், அத்தோடு ஆசை தீர்ந்துவிடும். கயிறையும் கொக்கியையும் அதற்கு முன்னால் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோ சும்மா இல்லை. பாப்பா தூளியில் இருக்கும்போது மூத்ததைத் தனியாக விடவே கூடாது. பாசத்தில்தான் ஆட்டும், ஆனால் சுவரில் மோதுகிற வரைக்கும் ஆட்டும். காலியாக இருக்கும் தூளியையும் தொங்கவிடாதீர்கள், சுருட்டி மேலே கட்டுங்கள். விளையாட்டாகப் புடவை கழுத்தில் சுற்றிக் குழந்தை இறந்த செய்தி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ரெண்டாவது, தூங்க வைக்கும் வேலையை அப்பாவிடம் கொடுப்பது. முதல் சில ராத்திரிகள் வீடே அதிரும். அந்த நேரத்தில் நீங்கள் அதே அறையில் இருந்தால் காரியம் நடக்காது, மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அப்பாக்கள் பலர் பத்தாவது நிமிஷத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதை மட்டும் முன்னாலேயே பேசி வையுங்கள். ஆனால் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறீர்கள், அவர் இங்கே வேலையில் இருப்பார் என்றால் இந்தப் பழக்கத்தால் பாதிப் பயன்தான். அங்கே யார் மூத்ததோடு படுக்கப் போகிறார்களோ, அம்மாச்சியோ சித்தியோ, அவர்களிடம்தான் பழக்க வேண்டும். அதனால் கடைசி வாரத்தில் போய் இறங்காமல் ஒரு மாதமாவது முன்னதாகப் போய்விடுங்கள். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்றாலே ரெண்டு மூன்று நாள், சிசேரியன் என்றால் இன்னும் கூடும். பிரசவ வார்டில் சின்னப் பிள்ளைகளைப் பல இடங்களில் விடுவதில்லை. அந்த ராத்திரிகளை ஒருதரமாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

தூக்கச் சொல்லி அடம் பிடிப்பது தினமும் நடக்கும். நின்றபடி குனிந்து தூக்குவதற்குப் பதில் கீழே உட்கார்ந்து "மடிக்கு வா" என்று கூப்பிடுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். தூக்க முடியாததற்குக் காரணம் சொல்லும்போது வயிற்றில் இருப்பதை இழுக்காதீர்கள். "அம்மாவுக்கு இடுப்பு வலிக்குது" போதும். படுக்கும்போது அதற்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளுங்கள், தூக்கத்தில் விழும் உதைக்குக் கணக்கே கிடையாது.

மூத்தது இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது என்றால், உண்டானது தெரிந்த அன்றே நிறுத்தச் சொல்வார்கள், பால் கெட்டுப்போய்விடும் என்பார்கள். கெடாது. ரத்தப்போக்கு, முன்பு குறைமாதப் பிரசவம், இரட்டைக் குழந்தை இதெல்லாம் இருந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார், அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி நடு மாதங்களில் பால் தானாகவே குறைந்து சுவையும் மாறும், நிறையப் பிள்ளைகள் அப்போதே விட்டுவிடும். வேப்பிலை அரைத்துத் தடவி ஒரே நாளில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, ராத்திரிப் பாலைக் கடைசியில் நிறுத்துவது நல்லது.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை சிவப்பாக, மேலே பளபளப்பாக, ஜெம்ஸ் மிட்டாய் மாதிரியே இருக்கும். சின்னக் குழந்தை நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டாலும் ஆபத்து, உயிருக்கே உலை வைக்கலாம். கைப்பை, தலையணை அடி, டிவி மேஜை எதுவும் வேண்டாம், பீரோவுக்குள் வையுங்கள். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நீங்கள் போடும்போது டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மூத்ததன் தடுப்பூசியும் இந்தக் கூத்தில் மறந்துபோகும். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் உண்டு, அட்டையை எடுத்துப் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணையும் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அது தேவைப்படும். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படியான 26 வாரச் சம்பள விடுப்பும் இரண்டாவது குழந்தைக்கும் அப்படியே உண்டு.

சொந்தக்காரர்கள் வாயை மூட முடியாது. குழந்தை குனிந்து காலிடுக்கு வழியே பார்த்தால் அடுத்த பாப்பாவைக் கூப்பிடுகிறது என்பார்கள், சிரித்துவிட்டுப் போகலாம். "இனிமே உன்னை யாருடா பார்ப்பா" என்பதை மட்டும் விடாதீர்கள், யார் சொன்னாலும் முகத்துக்கு நேரே நிறுத்தச் சொல்லுங்கள். விளையாட்டு என்பார்கள், அதுக்கு விளையாட்டு இல்லை. "தம்பி பாப்பாவா தங்கச்சி பாப்பாவா" என்று தினமும் கேட்டுப் பழக்கினாலும் பிறகு தொல்லைதான், சொன்னது வராவிட்டால் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்.

முதல்முறை பாப்பாவைக் காட்டும்போது உங்கள் கை காலியாக இருக்கட்டும், பாப்பா பாட்டி மடியிலோ தொட்டிலிலோ இருக்கட்டும். மூத்தது ஓடி வந்து உங்கள் மேல் விழுந்து, பழம் பிஸ்கட் எல்லாம் கேட்டு முடித்து, தானாகத் திரும்பிப் பார்க்கட்டும். அதன் பிறகு கொஞ்ச நாள் நின்ற இடத்தில் மூத்திரம் போகும், ஊட்டிவிடச் சொல்லும், மழலையில் பேசும். கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாகச் சரியாகிவிடும். பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரம் பார்த்துத்தான் அது அத்தனை சேட்டையும் செய்யும், உங்களால் எழ முடியாது என்று அதற்கு நன்றாகத் தெரியும். எனவே கட்டிலில் உட்காராமல் தரையில் பாயில் உட்கார்ந்து கொடுங்கள், ஒரு டப்பாவில் கரண்டி, கிண்ணம், பழைய சாவிக்கொத்து எல்லாம் போட்டு அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே எடுங்கள், மறக்காமல் குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்காருங்கள்.